நாலு விரல் மண்

கிளான்கரி
7 ஆகஸ்ட் 2011

ராய்ஸுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினான்கு மாதமாக உன் கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. இப்போது போடுவதும் உனக்காக இல்லை, டஸ்டிக்காக.

போன சனிக்கிழமை டீகன் வந்தாள். ஜோயல் இருந்திருந்தால் இந்நேரம் நம் வீட்டு மருமகளாகியிருப்பாள். நீ ஓட்டிய வண்டியில் அவன் வெள்ளத்தோடு போன நாளிலிருந்து, இந்த இரண்டரை வருஷமாக, அவனுடைய உடும்பு டஸ்டியை அவள்தான் வைத்துப் பார்த்துக்கொண்டாள். இப்போது பிரிஸ்பேனில் வேலை கிடைத்திருக்கிறது, தங்குவதற்கு ஒற்றை அறை. மீன் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் வைத்தாள். "நீங்க வச்சுக்கிறீங்களா, இல்ல வனவிலங்கு ஆபீஸ்ல ஒப்படைச்சிடட்டுமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள். நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகுதான் யோசித்தேன். உடும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அது உங்கள் இரண்டு பேருடைய சங்கதி. நான் கதவோரம் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள்ளேயே கிடக்கிறது. முள் முள்ளாக வால் மட்டும் வெளியே தெரியும். நான் சமையலறைக்குள் கால் வைத்தால் அந்த வாலும் உள்ளே போய்விடும். எட்டு நாளில் அதன் முகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குப் போனதும் வெளியே வந்து கண்ணாடியைப் பிறாண்டுகிறது போலிருக்கிறது, திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கோடு.

நீங்கள் இருவரும் செய்த பழைய கூண்டு இப்போது இல்லை. டீகன் உடும்பை எடுத்துப்போன மறுநாள் நான் அதை உடைத்துக் கொல்லையில் போட்டு எரித்துவிட்டேன். சொல்லாமல் மறைக்கப் பிடிக்கவில்லை. அதனால் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். எப்படி என்று எழுது. அளவு, கல், மண், விளக்கு எல்லாம் எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

தொலைபேசியில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

கிளெனிஸ்


டவுன்ஸ்வில்
16 ஆகஸ்ட் 2011

அன்புள்ள கிளெனுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். கொடுத்த ஜெயில் அதிகாரி, "வீட்ல முதலையா வளக்குறீங்க?" என்று கேட்டார். முதலை இல்லை ஐயா, என் முழங்கை நீளம்கூட வராத ஒரு கூச்சக்காரப் பயல் என்றேன். இரண்டு நாளாக மனசு லேசாக இருக்கிறது. எதற்காக எழுதினாலும் எழுதினாயே, அதுவே போதும்.

கூண்டை எரித்தது சரிதான். நானாக இருந்தால் கொட்டகையையே எரித்திருப்பேன்.

முதலில் அவனை அந்த மீன் தொட்டியிலிருந்து வெளியே எடு. நாலு பக்கமும் கண்ணாடி என்றால் நாலு பக்கமும் ஆள் வருகிற பயம். அவனோ சும்மாவே பயந்தாங்கொள்ளி. உன் தம்பி மாதிரி, விருந்தாளி வந்தால் பின்வாசல் வழியாக நழுவுகிற ஜாதி. மூன்று பக்கமும் மரம், முன்னால் மட்டும் கண்ணாடி. ஒரு பழைய துணி அலமாரியைப் படுக்கப் போட்டால் வேலை முடிந்தது, ஆறடி நீளம் கிடைக்கும். கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நகர்த்துகிற கண்ணாடி இரண்டு போடு. காற்றுக்கு இரு ஓரத்திலும் ஓட்டை போட்டுக் கம்பிவலை அடி.

ஒரு கோடி சூடு, மறு கோடி குளிர்ச்சி. சூட்டுப் பக்கம் மேலே பல்பு, அதைச் சுற்றிக் கம்பிவலை கட்டாயம், இல்லாவிட்டால் தொற்றி ஏறிச் சுட்டுக்கொள்வான். பல்புக்குக் கீழே கல் அறுபது டிகிரி காய வேண்டும். பயப்படாதே, நம் ஊர்ப் பாறை நவம்பரில் காய்வதைவிட இது ஒன்றும் அதிகமில்லை. உள்ளங்கையை வைத்தால் உடனே எடுக்கத் தோன்ற வேண்டும், அதுதான் கணக்கு.

அடுத்தது கல். அவன் கூச்சத்துக்கு மருந்தே கல்தான். டச்சஸ் சாலை ஓரக் குன்றில் தட்டைக்கற்கள் கிடக்கும், பத்துப் பன்னிரண்டு பொறுக்கி வா. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி மட்டும் விடு. அகலமாக விட்டால் அவனுக்குப் பிடிக்காது. மேலே முதுகும் கீழே வயிறும் கல்லில் பட வேண்டும், அப்போதுதான் தன்னை யாரும் இழுக்க முடியாது என்று நிம்மதியாக இருப்பான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கல் அடிப்பலகையின் மேலேயே உட்கார வேண்டும். கல்லை வைத்த பிறகுதான் மண்ணைக் கொட்ட வேண்டும். மண்ணின் மேல் கல்லை வைத்தால் அவன் அடியில் தோண்டுவான், அடுக்கு மொத்தமும் சரிந்து நசுக்கிவிடும்.

மண்ணுக்குச் செம்மணல் இரண்டு பங்கு, கரையான் புற்று மண் ஒரு பங்கு. புற்று மண் சேர்ந்தால்தான் வளை இடியாமல் நிற்கும். நாலு விரல் ஆழம் போதும். ஜோயல் முழங்கால் ஆழம் வேண்டும் என்று என்னோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றான். "நீ உடும்பு வளக்குறியா, குழி வளக்குறியாடா?" என்று கேட்டேன். அலமாரிப் பலகை அத்தனை பாரம் தாங்காது. நாலு விரல்தான் போட்டோம், டஸ்டி நன்றாகத்தான் இருந்தான்.

இங்கே என்னைப் புல்வெட்டும் வேலையில் போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி குறையில்லை.

என்றும் உன்
ராய்ஸ்


கிளான்கரி
4 செப்டம்பர் 2011

ராய்ஸுக்கு,

கூண்டு முடிந்தது. இரண்டு வார விடுமுறை நாட்களும் அதிலேயே போயின.

துணி அலமாரி என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய். இந்த வீட்டில் ஆறடி அலமாரி ஒன்றுதான் இருக்கிறது, அது யார் அறையில் இருக்கிறது என்று உனக்குத் தோன்றவில்லை பார். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தேன். பிறகு அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து மூன்று அட்டைப்பெட்டியில் வைத்தேன். சுரங்கத்து நீலச் சட்டை ஒன்றில் இன்னும் கிரீஸ் வாசம் அடித்தது. அதை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை.

கல்லை நான் முதலில் தப்பாகத்தான் வைத்தேன். மண்ணைக் கொட்டிவிட்டு அதன் மேல் அழகாக அடுக்கி, கைகட்டி நின்று பார்த்தேன். அப்புறம் உன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் வெளியே அள்ளி, மறுபடி அடிப்பலகையிலிருந்து அடுக்கினேன். நல்லவேளை சொன்னாய். இல்லாவிட்டால் என் கையாலேயே அதைக் கொன்றிருப்பேன்.

பல்பைப் பற்றி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிற ஹெஸ்டர் பெரிய பிரசங்கமே செய்தாள். "பல்லிக்கு அறுபது டிகிரியா, பொரிச்சுத் திங்கப் போறியா?" என்று சிரித்தாள். ஆனால் நீ சொன்னதுதான் சரி. உள்ளே விட்ட மூன்றாம் நாள், நான் நடைவழியில் செருப்பில்லாமல் வந்து நின்றபோது, டஸ்டி கல்லின் மேல் தட்டையாகப் படுத்திருந்தது. நாலு காலையும் விரித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு. முதுகில் மஞ்சள் வட்டங்கள் இத்தனை அழகு என்று நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். என் முழங்கால் சொடக்குப் போட்டது, அவ்வளவுதான், கல்லிடுக்கில் மறைந்துவிட்டது.

அறையில் பல்பு எரிவதால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. அந்த அறையில் வெளிச்சம் பார்த்து ரொம்ப நாளாகிறது. முதல் நாள் சட்டென்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு எண்ணெய் கிடைத்தால் தேய்.

கிளெனிஸ்


டவுன்ஸ்வில்
14 செப்டம்பர் 2011

அன்புள்ள கிளெனுக்கு,

அலமாரி விஷயத்தில் என் புத்தியை எதால் அடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. பழைய அலமாரி ஒன்று குப்பைமேட்டில் கிடைக்கும் என்ற நினைப்பில் எழுதினேன். உன்னை அந்தக் கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன் என்று நினைக்கவில்லை. மன்னித்துக்கொள். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு இருக்கிற பெரிய பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்.

டஸ்டி காலை விரித்துப் படுத்தான் என்று படித்து, பக்கத்துக் கட்டில்காரனையும் எழுப்பி வாசித்துக் காட்டினேன். அவன் அப்படிப் படுத்தால் இடம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கரப்பானை இடுக்கியால் பிடித்து நீட்டு. முதலில் வராமல் இருப்பான், பிறகு உன் கையைத் தேடுவான்.

ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது கிளென். எப்படிக் கேட்டாலும் அவலட்சணமாகத்தான் இருக்கும், அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். டிசம்பர் 12 பரோல் குழு என் மனுவை எடுக்கிறது. வெளியே விட்டால் தங்குவதற்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஓர் அதிகாரி வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜோயல் போனது என்னால். நீதிபதி சொல்வதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். உன்னோடு ஒரே மேசையில் உட்கார எனக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்லவில்லை. முன்னறை சோபா போதும். கொட்டகை என்றாலும் சரிதான். வேறு எங்கே போனாலும் நான் யாரோ ஒருவன். அந்த வீட்டில்தான் நான் அவனுடைய அப்பா.

யோசித்து எழுது. அவசரமில்லை. நவம்பர் நடுவில் அனுப்பினால் போதும்.

உன்
ராய்ஸ்


கிளான்கரி
9 அக்டோபர் 2011

ராய்ஸுக்கு,

படிவம் வந்தது. ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருக்கிறேன். தினமும் பால் எடுக்கும்போது பார்க்கிறேன். அதைப் பற்றி இப்போது எழுத முடியாது, ஏனென்றால் டஸ்டிக்கு ஏதோ சரியில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில் என் கையிலிருந்தே தின்றது. இடுக்கியைக்கூடத் தேவையில்லை என்று வைத்துவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. பத்து நாளாக ஒன்றும் தின்னவில்லை. கரப்பான் அதன் மூக்கின் மேல் ஏறிப் போகிறது, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தோண்டுகிறது. பகல் முழுக்க அதே வேலை. இந்த மூலையில் தோண்டி, பலகை தட்டியதும் விட்டுவிட்டு, அந்த மூலைக்குப் போகிறது. மறுபடி பலகை. நகம் பலகையில் உரசுகிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. என்னைக் கண்டாலும் இப்போது ஓடுவதில்லை. ஒளிந்துகொள்ளக்கூட நேரமில்லாத மாதிரி தோண்டுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வயிற்றின் இரு பக்கமும் புடைத்திருக்கிறது போல் தெரிகிறது. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஜோயல் ஒரு நாள் என்னிடம், "அம்மா, இவன் இவளா இருந்தா அப்பா மூஞ்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டுச் சிரித்தான். விளையாட்டுக்குச் சொன்னானா, ஏதாவது பார்த்துச் சொன்னானா என்று தெரியாது. அப்படி இருக்குமா? இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுது.

கிளெனிஸ்


டவுன்ஸ்வில்
14 அக்டோபர் 2011

அன்புள்ள கிளெனுக்கு,

இன்று மதியம்தான் கிடைத்தது, சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் எழுதுகிறேன்.

கவலைப்படாதே. பெண்ணா? படித்துச் சிரித்துவிட்டேன். வாங்கி வந்த அன்றே நான் அவனைத் தலைகீழாகப் பிடித்து வாலடியில் பார்த்தவன். இரண்டு பக்கமும் முள்செதில் நன்றாக நின்றது. அது ஆணுக்குத்தான் அப்படி நிற்கும். ஜோயலுக்கு என்னைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம், உனக்குத்தான் தெரியுமே.

நடந்தது என்னவென்று நான் சொல்கிறேன். நீ கையால் ஊட்டியிருக்கிறாய். தினமும் நாலு தரம் போய்ப் பார்த்திருப்பாய். பாசம்தான், ஆனால் அவன் கூச்சக்காரன், அத்தனை பார்வை தாங்கமாட்டான். தப்பித்து ஓட வழி தேடித் தோண்டுகிறான். பயந்த உடும்பு தின்னாது. வயிறு புடைத்தது, முன்னால் அள்ளிப் போட்டதெல்லாம் செரிக்காமல் கிடக்கிறது.

முன் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டிவிடு. பத்து நாள் திறக்காதே. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு, அந்த அறைப் பக்கமே போகாதே. எடுத்துப் பார்க்கிறேன், தடவிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதே, அதுதான் அவனைக் கொல்லும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் வேண்டாம், வண்டியில் வைத்த அதிர்ச்சியிலேயே போய்விடுவான். மண்ணைக் கூட்டுவதும் வேண்டாம். ஆழமாகப் போட்டால் உள்ளே போய் முடங்கி, தின்னாமலேயே கிடப்பான்.

முப்பது வருஷம் ரோடு நிரவுகிற கிரேடர் ஓட்டிய இடமெல்லாம் இந்த உடும்புகளைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாதா கிளென்? பத்து நாள் கழித்துத் திற. கல்லின் மேல் படுத்து உன்னை முறைப்பான்.

படிவத்தை நவம்பர் 11ஆம் தேதிக்குள் தபாலில் போட்டால் நல்லது. நச்சரிக்கிறேன் என்று நினைக்காதே.

உன்
ராய்ஸ்


கிளான்கரி
6 நவம்பர் 2011

ராய்ஸ்,

நீ சொன்னபடியே செய்தேன். செய்தித்தாள் ஒட்டினேன், கதவைச் சாத்தினேன், பத்து நாள் அந்த அறைக்குப் போகவில்லை. முதல் ஐந்து நாள் தோண்டுகிற சத்தம் கேட்டது. நான் வானொலியை வைத்துக்கொண்டேன். ஆறாம் நாள் சத்தம் நின்றது. அடங்கிவிட்டது, ராய்ஸ் சொன்ன மாதிரியே நடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஆனாலும் எண்ணிப் பத்து நாள் முடித்தேன்.

திறந்தபோது கூண்டின் நடுவில், கல்லிலும் இல்லாமல் வளையிலும் இல்லாமல், வெட்டவெளியில் கிடந்தது. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. முன்னங்கால் நகங்கள் தேய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. அடிப்பலகையில் ஒரு மூலை அரை அங்குல ஆழத்துக்குக் குழிந்திருந்தது. கையில் எடுத்தேன். திமிறவே இல்லை.

மாட்டுச் சந்தைக்கு மாதம் இரண்டு முறை மவுண்ட் ஐசாவிலிருந்து மாட்டு டாக்டர் வருவார், அன்று அவர் வருகிற நாள். சலவைக்கூடத்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வயிற்றை இரண்டு விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"எத்தனை நாளா தோண்டுது?"

"ஒரு மாசமா."

"வயித்துல முட்டை வச்சிருக்காம்மா இவ. பெட்டை. துணை இல்லாட்டியும் முட்டை வரும். போட இடம் தேடித்தான் தோண்டியிருக்கா. இத்தனை நாள் ஏன் வரல?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும்னு சொன்னார்," என்றேன்.

அவர் ஊசி போட்டார். முழங்கால் ஆழத்துக்கு ஈரமண் கொடுங்கள், கதகதப்பாக இருக்கட்டும், மூன்று நாளில் போடாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார். நான் வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போடாமல் என் பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியும்னு சொன்னார். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை சொல்கிற பதிலா அது?

கொட்டகையில் ஓடாமல் கிடந்த ஃப்ரீஸர் பெட்டியை நானே இழுத்து வந்தேன். கொல்லையில் தோண்டி, முப்பது வாளி மண் சுமந்தேன். புற்று மண் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பல்பைக் கழற்றி அதன் மேல் கட்டினேன். அவளை இறக்கி விட்டதும் ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தாள். பிறகு அந்தப் புண்ணான காலால் தோண்ட ஆரம்பித்தாள். இந்தத் தடவை பலகை தட்டவில்லை. தலை போயிற்று, வால் போயிற்று. இரண்டு நாள் வெளியே வரவில்லை.

ஏழு முட்டை. எல்லாம் வெறும் முட்டை, பொரிக்காது. அவள் வற்றிப்போன தோலாக வெளியே வந்தாள். டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டிவிட்டாள். இன்று காலை ஒரு கரப்பானைத் தின்றாள். பிழைத்துக்கொள்வாள் என்றுதான் தோன்றுகிறது.

ராய்ஸ், படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

உன்மேல் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. கோபம் இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு உன்னோடு ஒரே வீட்டில் இருந்துவிடுவேன். செப்டம்பரில் உன் கடிதம் வந்தபோது முன்னறையைப் பெருக்கித் துடைத்தேன், அது உனக்குத் தெரியட்டும். நீ வந்து உட்காருவதாக நினைத்துப் பார்த்தேன், வெறுப்பு வரவில்லை. விஷயம் நீ இல்லை, நான். நீ 'எனக்குத் தெரியும்' என்று சொன்னால் என் கண் பார்ப்பதை நான் நம்புவதை விட்டுவிடுகிறேன். டஸ்டியின் வயிறு புடைத்ததை நான் பார்த்தேன். உனக்கு எழுதவும் எழுதினேன். நீ இல்லை என்றாய், செய்தித்தாளை எடுத்து ஒட்டினேன்.

அன்றைக்கும் அப்படித்தான். பீலர் ஓடைத் தரைப்பாலத்தில் 'பாதை மூடப்பட்டது' பலகையைக் காலையில் நீதான் கவுன்சில் வேலையாகப் போய் வைத்துவிட்டு வந்தாய். மாலையில் மூன்று பேரும் திரும்பும்போது, "அந்தப் பலகை ஊர்க்காரங்களுக்கு, நமக்கில்ல" என்று சொல்லி, ஜோயலை இறங்கி நகர்த்தச் சொன்னாய். பின் இருக்கையில் இருந்து நான் தண்ணீரைப் பார்த்தேன். பழுப்பாக, வேலிக் கம்பிக்கு மேலே ஓடியது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கோர்ட் உனக்குத் தண்டனை கொடுத்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் நானே கேட்டுக்கொள்கிறேன், சொல்லியிருந்தால் நின்றிருப்பாயே என்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், எழுது. பாலத்துக்கு முன்னால் வெள்ளம் அளக்கிற கம்பம் இருக்கிறது. கோர்ட்டில், புல் மறைத்திருந்தது, பார்க்கவில்லை என்றாய். அந்தப் புல்லை வெட்டுவதும் உன் வேலைதான். பார்த்தாயா, இல்லையா?

கிளெனிஸ்


டவுன்ஸ்வில்
15 நவம்பர் 2011

அன்புள்ள கிளெனுக்கு,

பார்த்தேன். தொண்ணூறு சென்டிமீட்டர்.

இந்தக் கடிதத்தை இங்கே படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், பரோல் குழுவுக்கும் போகலாம். போகட்டும். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடு. சார்ட்டர்ஸ் டவர்ஸில் இருக்கிற என் தங்கை நரேலிடம் கேட்டிருக்கிறேன். அவள் சரி என்றால் அங்கே, இல்லையென்றால் முழுத் தண்டனையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். உன்னிடம் இனி அதைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

டஸ்டி விஷயத்தில் நான் எழுதிய கடிதத்தை நினைத்தால் கூசுகிறது. நூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நான் ஐந்நூறு மைலுக்கு அப்பால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிற உன்னிடம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அவளை நீதான் காப்பாற்றினாய். இனிமேலும் உனக்குத் தோன்றுகிறபடியே செய்.

நீ வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். திறந்திருந்தால் நான் நின்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். நின்றிருக்க மாட்டேன் கிளென். எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் ஒருவன் சொன்னான். இதைக் கோர்ட்டில் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. உனக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்ததும், சொல்லாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவன் இறங்கிப் பலகையை நகர்த்தினான், நான் வண்டியை உள்ளே விட்டேன். உடனே அவன் ஏறவில்லை. பலகையைத் திரும்ப இழுத்து, பழைய இடத்திலேயே நேராக நிறுத்தினான். பின்னால் வருகிறவர்கள் தெரியாமல் வந்துவிடக் கூடாது என்று. பிறகு வந்து முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினான். கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எஞ்சின் சத்தத்தில் உன் காதில் விழாத அளவுக்கு மெதுவாக, நீ பயப்படக் கூடாது என்றுதான் போலிருக்கிறது, "அப்பா, நீ வச்ச போர்டுதானேப்பா அது," என்றான்.

நான் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டேன்.

ராய்ஸ்